சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் மட்டுமே வரும் பைக்காரர்கள்

முதுகில் புண்பட்டவனை வீரன் என்று சொல்லாத மரபு நம்முடையது. புறமுதுகு காட்டுவது என்றாலே நமக்கு அவமானம்தான். அமெரிக்காவிலோ ஒரு பைக் கூட்டம், இறந்த படைவீரனுக்கு மரியாதை செய்வதையே முதுகைக் காட்டி நிற்பதில் இருந்துதான் தொடங்கியது. கையில்லாத தோல் சட்டை, நரைத்த தாடி, கையில் ஆளுயரத்தைத் தாண்டிய கொடிக்கம்பு. தேவாலய வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். எதிர்ப்புறச் சாலையில் சிலர் அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக் கத்துகிறார்கள். வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முகம் துக்க வீட்டார் பக்கம், முதுகு கத்துகிறவர்கள் பக்கம்.

பேட்ரியாட் கார்ட் ரைடர்ஸ் என்பது இவர்கள் பெயர். இவர்கள் ஏன் வந்தார்கள், ஏன் பைக்கில் வந்தார்கள், கத்தியவர்களின் சத்தம் குறைந்துபோன பிறகும் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று தெரிய 2005ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

இராக் போர் அப்போது மூன்றாம் வருடத்தில் இருந்தது. சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. கேன்சஸ் மாநிலத் தலைநகரமான டொபீகாவில் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச் என்று ஒரு சிறிய சபை. பெயரில் பாப்டிஸ்ட் இருந்தாலும் பெரிய பாப்டிஸ்ட் சபைகள் எதுவும் அதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டதில்லை. 1955இல் ஃபிரெட் ஃபெல்ப்ஸ் என்பவர் தொடங்கியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். தன்பாலின ஈர்ப்பாளர்களை அமெரிக்கா சகித்துக்கொள்வதால் கடவுள் அந்த நாட்டைத் தண்டிக்கிறார், போரில் வீரர்கள் சாவதும் அந்தத் தண்டனைதான் என்பது அவர்கள் பிரசாரம். 1998இல் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காகவே அடித்துக் கொல்லப்பட்ட மேத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவரின் இறுதிச்சடங்குக்கு வெளியே அட்டை பிடித்து நாடு முழுக்க அறியப்பட்டவர்கள். 2005இல் ராணுவ வீரர்களின் சடங்குகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். 'வீரர்கள் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி' என்று அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் காரிலிருந்து இறங்கித் தலை நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

போலீசால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. நிற்பது பொதுச் சாலையில், பேசுவது அரசியல் சட்டம் தந்த உரிமையில். ஃபெல்ப்ஸ் குடும்பத்தில் பலர் வழக்கறிஞர்கள். ஆத்திரத்தில் யாராவது கைநீட்டினால் அடுத்தது கோர்ட்டுதான்.

விச்சிட்டா நகருக்குத் தெற்கே மல்வேன் என்று ஒரு சிற்றூர். முதல் உலகப் போர் முடிந்து 1919இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனுக்கு அங்கே ஒரு பைக் பிரிவு உண்டு. எண் 136. விஷயம் காதுக்கு வந்ததும் அவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அடித்தால் அந்தச் சபைக்குத்தான் லாபம், பதிலுக்குக் கத்தினாலும் பாழாவது துக்க வீடுதான். சரி, நடுவில் போய் நிற்போம் என்று முடிவெடுத்தார்கள். முதலில் குடும்பத்திடம் கேட்பது, அப்புறம் போலீசிடம் சொல்வது, அதன் பிறகுதான் கிளம்புவது. போனார்கள், கொடிகளை நெருக்கமாகப் பிடித்து அட்டைகளை மறைத்தார்கள், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கோஷம் ரொம்ப உயர்ந்தால் யாராவது பைக்கை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். ஹார்லி என்ஜின் சத்தத்துக்கு மேல் எந்தக் கோஷமும் கேட்காது.

பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில் இதைக் கேள்விப்பட்டவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இதை நாடு தழுவிய அமைப்பாக்கிவிட்டார்கள். அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம், பக்கத்துத் தெருவில் இப்படி ஒரு கொடுமை நடக்கும்போது நாம் என்ன செய்வது என்று எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் தவித்துக்கொண்டிருந்தார் என்பதே. செய்வதற்கு ஒரு வழி தெரிந்ததும் வண்டியை எடுத்துவிட்டார்கள்.

குடும்பத்திடம் முதலில் கேட்பது என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுத்தான் போக வேண்டும், சாவுக்குக் கூப்பிடாமலே போகலாம் என்பது நம் ஊர் வழக்கம். இவர்களுடைய முதல் விதி அதற்கு நேர் எதிர். குடும்பத்திலிருந்து அழைப்பு வராமல் ஒருவரும் போகக் கூடாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்தால் அத்தோடு சரி. முதலில் படித்தபோது எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது, துக்கத்துக்கு எதற்கு அழைப்பு என்று. யோசித்தால் நியாயம் புரிகிறது. அழைக்காமல் வந்து நின்றவர்களால்தான் அந்தக் குடும்பங்கள் புண்பட்டன. நாமும் அழைக்காமல் போனால், நல்ல எண்ணத்தோடு போனாலும், வாசலில் இன்னொரு அந்நியக் கூட்டம் நிற்பதாகத்தான் ஆகும். அந்த நாள் அந்த வீட்டாருடையது. யார் நிற்கலாம், எங்கே நிற்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தை அவர்கள் கையில் திருப்பிக் கொடுப்பதே இவர்கள் செய்யும் முதல் மரியாதை. இது இல்லாமல் போயிருந்தால் இந்த அமைப்பு சீக்கிரமே இன்னொரு ஆர்ப்பாட்டக் கூட்டமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கிடையே சட்டமும் தன் வழியில் முயன்றது. 2006 மே மாதம் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், படைவீரர்களுக்காக அரசு நடத்தும் தேசியக் கல்லறைகளின் வாசலிலிருந்து 300 அடிக்குள், சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் பின்புவரை, ஆர்ப்பாட்டத்தைத் தடை செய்தது. 2012இல் ஒபாமா கையெழுத்திட்ட இன்னொரு சட்டம் அந்த நேரத்தை இரண்டு மணி ஆக்கியது. எப்போது, எங்கே என்றுதான் இந்தச் சட்டங்கள் பேசின. என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்ற இடத்துக்கே அவை போகவில்லை. போகவும் முடியாது என்பதை 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அந்த வழக்கு ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ். இராக்கில் இறந்த மேத்யூ ஸ்னைடர் என்ற 20 வயது மரைன் வீரருக்கு 2006 மார்ச் மாதம் மேரிலாந்து மாநிலம் வெஸ்ட்மின்ஸ்டரில் இறுதிச்சடங்கு. டொபீகாவிலிருந்து ஃபெல்ப்ஸும் இன்னும் ஆறு பேரும் வந்து தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தள்ளி நின்றார்கள். மகனின் பெட்டிக்குப் பின்னால் போன தந்தைக்கு அட்டைகளின் மேல்நுனிதான் தெரிந்தது. எழுதியிருந்தது என்ன என்று அன்று இரவு டிவி செய்தியில்தான் படித்தார். அவர் வழக்குப் போட்டார். 2007இல் ஜூரி அவருக்கு ஒரு கோடியே 9 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. நீதிபதி அதை 50 லட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டில் அதுவும் போனது, எதிர்த்தரப்பின் செலவுக்காக அந்தத் தந்தையே 16,510 டாலர் கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. கடைசியில் 2011 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. பேச்சு பெரும் வலியைத் தரும், இங்கே தந்தும் இருக்கிறது, ஆனாலும் பொது விஷயம் பற்றிப் பொது இடத்தில் பேசியவரை அந்த வலிக்காகத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். தனித்து நின்ற நீதிபதி அலீட்டோ, சுதந்திரமான விவாதத்துக்கு நாடு தரும் உறுதி, துக்கத்தில் இருப்பவரைச் சொல்லால் தாக்கக் கொடுத்த உரிமம் ஆகாது என்றார்.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பிடிக்காத பேச்சைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தந்தையின் வயிற்றெரிச்சலும் அதே அளவு சரி. இரண்டும் சரி என்றால் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. சட்டம் அந்தப் பள்ளத்தில் இறங்க முடியாது. ஊர்க்காரர்கள் இறங்கலாம். கத்துகிறவர் வாயை யாரும் பொத்தவில்லை, அவர் சொன்னது துக்க வீட்டின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மல்வேன் பைக்காரர்கள் இதைத் தீர்ப்புக்கு ஆறு வருடம் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள்.

அது சரி, ஏன் பைக்? இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக ஹார்லி டேவிட்சன் கம்பெனி டபிள்யூஎல்ஏ என்ற மாடலைச் சுமார் 90,000 வரை தயாரித்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. ஊர் திரும்பிய இளைஞர்களில் பலருக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. நாலு வருடம் தோளோடு தோள் நின்ற கூட்டாளிகள் இல்லாமல் தனியாக வேலைக்குப் போய் வருவது அவர்களுக்குப் பிடிபடவில்லை. பைக் கிளப்புகள் பெருகியது அந்தக் காலத்தில்தான். சேர்ந்து போவது, ஒருவர் வண்டி நின்றால் எல்லோரும் நிற்பது, சட்டையில் பட்டை தைத்துக்கொள்வது எல்லாமே ராணுவத்தில் பழகியதன் தொடர்ச்சி.

வியட்நாம் தலைமுறைக்கு இது இன்னும் ஆழமான தேவையாக இருந்தது. அந்தப் போரில் வீரர்கள் படைப்பிரிவாகச் சேர்ந்து ஊர் திரும்பவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 12 மாத, மரைன்களுக்கு 13 மாதக் கணக்கு. கணக்கு முடிந்த அன்று ஒருவர் தனியாக விமானம் ஏறினார். நேற்று காட்டில், நாளை வீட்டு வாசலில். வரவேற்க ஊர்வலம் இல்லை, போரை நாடே வெறுத்திருந்தது, அந்த வெறுப்பு இவர்கள் மேலும் விழுந்தது. 1982இல் வாஷிங்டனில் 58,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர் பொறித்த கறுப்புச் சுவர் வந்த பிறகுதான் அழுவதற்கென்று அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. 1988இல் போர்க்கைதிகள், காணாமல் போனவர்கள் பற்றிக் கணக்குக் கேட்டு ரோலிங் தண்டர் என்ற பேரணியில் சுமார் 2,500 பைக்குகள் அந்தச் சுவரை நோக்கிப் போயின. பிறகு ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் அது லட்சக்கணக்கில் வளர்ந்தது. அமெரிக்கன் லீஜனின் பைக் பிரிவே 1993இல் மிச்சிகன் மாநிலம் கார்டன் சிட்டியில் தொடங்கியது.

ஆக 2005இல் ஒரு தேவாலய வாசலில் கொடி பிடித்து நின்ற 55, 60 வயது மனிதர் பல நேரம் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். தான் திரும்பிய நாளில் யாரும் வந்து நிற்கவில்லை என்பது அவருக்கு மறக்கவில்லை. அவருக்கு நடந்தது இந்தப் பையனின் வீட்டுக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே அவர் பனியில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார்.

ராணுவத்தில் இருந்திருக்க வேண்டும் என்று விதி இல்லை. பைக் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆசிரியை, லாரி டிரைவர், மகனை இழந்த தாய் என்று யாரும் வரலாம். பைக்காரர்கள் தங்களுக்குள் காரைக் கூண்டு என்பார்கள். கூண்டில் வருகிறவர்களுக்கும் கொடி உண்டு.

ஒரு சடங்கு நாளைக் கிட்டத்தில் பார்ப்போம். சடங்கு பத்து மணிக்கு என்றால் எட்டு எட்டரைக்கே ஏதாவது ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தில் கூடிவிடுவார்கள். ரைட் கேப்டன், அதாவது பயணத் தலைவர், என்று ஒருவர் பொறுப்பில் இருப்பார். இறந்தவர் யார், எங்கே பணியாற்றினார், அவர் பெயரைச் சரியாக எப்படி உச்சரிப்பது, குடும்பம் என்ன கேட்டிருக்கிறது என்று சொல்வார். யார் முன்னால், யார் கடைசியில், எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கும் என்பதையும் சொல்வார். போனைச் சத்தம் வராமல் வைக்க வேண்டும், வரிசையில் பேசக் கூடாது, சிகரெட் கூடாது, அரசியல் பேச்சு அறவே கூடாது. மூன்றடிக்கு ஐந்தடிக் கொடி என்றால் கேட்க லேசாக இருக்கும். கேன்சஸ் சமவெளிக் காற்றில் அதை ஒரு மணி நேரம் நேராகப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும்.

அமரர் ஊர்தி வந்ததும் ஒரே ஒரு சொல்தான் ஆணையாக வரும். கொடிகள் நிமிரும். பெட்டி இறங்கும்போது சல்யூட், படையில் இருந்திராதவர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். குடும்பம் உள்ளே போகும்வரை அசையாத இரண்டு வரிசை. பெரும்பாலும் இவர்கள் தேவாலயத்துக்குள் போவதில்லை. வெளியே நின்று, பிறகு கல்லறைவரை முன்னும் பின்னுமாக வண்டிகளை ஓட்டிப் போவார்கள். இறந்தவர் பைக்காரராக இருந்தால் முன்வரிசையில் அவர் இடம் காலியாகவே போகும். தலைமை வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாத இடைவெளி, மைல் கணக்கில். விமானப் படையிடமிருந்து வந்த பழக்கம் அது.

கல்லறையில் ராணுவம் செய்யும் மரியாதைக்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் சட்டப்படி, தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் படைவீரருக்கும், குடும்பம் கேட்டால், சீருடையில் குறைந்தது இரண்டு பேர் வர வேண்டும். கொடியை மடித்துக் கொடுக்க வேண்டும், டேப்ஸ் என்ற பியூகிள் இசை ஒலிக்க வேண்டும். 24 சுரங்கள் மட்டுமே கொண்ட மெட்டு அது. உள்நாட்டுப் போரின் நடுவே 1862இல் வர்ஜீனியா முகாம் ஒன்றில் ஜெனரல் பட்டர்ஃபீல்ட் அதை வடிவமைத்தார். இப்போது எல்லாச் சடங்குக்கும் அனுப்ப பியூகிள் வாசிப்பவர்கள் போதவில்லை. அதனால் 2003 முதல் பியூகிளின் வாய்க்குள் ஒரு மின்னணுக் கருவியைப் பொருத்தி, பட்டனை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டு நிற்கும் முறையும் இருக்கிறது. இரண்டு வீரர்கள், ஒரு பதிவு செய்த இசை. நாட்டால் முடிந்தது அவ்வளவு. சுற்றி முப்பது கொடிகளோடு நிற்கும் மனிதர்கள் அந்தச் சின்னச் சடங்குக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது அங்கேதான் விளங்கும்.

ஃபிரெட் ஃபெல்ப்ஸ் 2014 மார்ச்சில் இறந்துபோனார். இன்று ஒரு படைவீரர் சாவுக்கு வெளியே அந்த அட்டைகள் தெரிவது அபூர்வம். பைக்காரர்களுக்கு வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. அமெரிக்காவுக்காக இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்கள் 1.6 கோடிப் பேர். அவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. கொரியா, வியட்நாம் வீரர்களும் முதுமையில் இருக்கிறார்கள். இவர்களில் பலர் போகும்போது கூட நிற்க ஆள் இல்லை. மனைவி முன்பே போயிருப்பார், பிள்ளைகள் தொடர்பில் இல்லை, வாடகை அறையிலோ முதியோர் விடுதியிலோ மூச்சு நின்றிருக்கும். கடைசியில் தூக்க நாலு பேர் வேண்டும் என்று நாம் சொல்வோமே, அந்த நாலு பேர் இல்லாத சாவுகள்.

தகுதியுள்ளவருக்குத் தேசியக் கல்லறையில் இடம், கல், பராமரிப்பு எல்லாம் இலவசம். ஆனால் அவர் படையில் இருந்தார் என்று காட்டும் டிடி 214 போன்ற விடுவிப்புச் சான்று வேண்டும். அந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இறந்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். செயின்ட் லூயிஸில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் தேடலாம் என்றால், 1973 ஜூலை 12 அன்று அங்கே பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான பணிக்கோப்புகள் எரிந்துபோயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அதில் போனது. நகல் இல்லை. எனவே நாட்டின் பல இறுதிச்சடங்கு இல்லங்களில், கேட்க யாரும் வராத அஸ்திக் கலசங்கள் அலமாரியில் வருடக்கணக்கில் இருந்துவிடுகின்றன. சில கலசங்கள், பல பத்தாண்டுகளாக.

மிஸ்ஸிங் இன் அமெரிக்கா புராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு அந்த அலமாரிகளைத் தேடிப் போகிறது. கலசத்தின் சீட்டில் இருக்கும் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு ஆவணங்களோடு ஒப்பிட்டு, இவர் படைவீரர் என்று உறுதியானதும் தேசியக் கல்லறைக்குக் கொண்டுபோகிறது. இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் மண்ணுக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் கலசங்களுக்கு முன்னும் பின்னும் போவது இந்த பைக்குகள். இங்கே குடும்ப அழைப்பு எப்படி வரும்? அழைக்க ஒருவரும் இல்லாததே அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

2019 ஜனவரியில் டெக்சஸ் மாநிலம் கில்லீனில் ஒரு வியட்நாம் காலத்து விமானப்படை வீரரை அடக்கம் செய்ய இருந்தார்கள். உறவினர் யாரும் வருவதாகத் தெரியவில்லை, முடிந்தவர்கள் வாருங்கள் என்று செய்தி பரவியது. கல்லறைக்குப் போகும் சாலையில் வண்டிகள் வரிசை கட்டின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து நின்றார்கள். உயிரோடிருந்தபோது அவருக்கு ஆயிரம் பேரைத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

எல்லா நாளும் ஆயிரம் பேர் வருவதில்லை. பல வார நாட்களில் பத்துப் பேர், ஐந்து பேர். சீருடையில் வந்த இருவரும் கொடியை முக்கோணமாக, வெள்ளை நட்சத்திரங்கள் கொண்ட நீலம் மட்டும் வெளியே தெரிய, பதின்மூன்று மடிப்பில் மடித்து முடிப்பார்கள். அதை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். உறவு இல்லாததால் வந்தவர்களில் ஒருவர் முன்வரிசை நாற்காலியில் உட்காருவார். பெரும்பாலும் தோல் சட்டை போட்ட ஒரு முதியவர். இளம் வீரர் அவர் முன் மண்டியிட்டு, குடியரசுத் தலைவரின் சார்பிலும் நன்றியுள்ள நாட்டின் சார்பிலும், 'உங்கள் அன்புக்குரியவர்' ஆற்றிய சேவைக்காக இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று விதிப்படி உள்ள வாசகத்தைச் சொல்வார். வாசகத்தில் ஒரு சொல்லும் மாறாது. இறந்தவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த முதியவர், கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொள்வார்.